புரதத் தேவையின் வரலாறு: வளர்சிதை மாற்றமும் முதுமையும்

ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் தேவை என்பது ஊட்டச்சத்தியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்றாகும். ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இக்கேள்விக்குப் பல விடைகள் கூறப்பட்டுள்ளன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாளொன்றுக்கு 118 கிராம் என்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் பாதியே போதும் என்றனர். 1960களில் உலகம் முழுவதும் புரதப் பஞ்சம் வரப்போகிறது என எச்சரித்தனர். 1970களில் அந்த எச்சரிக்கையே தவறு என்றனர். இன்று முதியோருக்குக் கூடுதல் புரதம் வேண்டும் என ஒரு சாராரும், குறைந்த புரதமே ஆயுளை நீட்டும் என மற்றொரு சாராரும் கூறுகின்றனர். இந்த மாற்றங்களுக்கு அறிவியலின் தடுமாற்றம் மட்டும் காரணம் அல்ல. ஒவ்வொரு அளவும் ஒரு குறிப்பிட்ட வகை உடலைப் பார்த்துக் கணக்கிடப்பட்டது. பின்னர் வேறு வகை உடல்களுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. இவ்வரலாற்றின் பெரும்பாலான பிழைகள் அங்கிருந்தே தோன்றின.

பெயரும் முதல் ஆய்வுகளும்

1816இல் பிரெஞ்சு உடலியங்கியலாளர் பிரான்சுவா மஜாந்தி நாய்களுக்குச் சர்க்கரையும் காய்ச்சி வடித்த நீரும் மட்டும் கொடுத்து வளர்த்தார். வயிறு நிறைய உண்டும் அவை மெலிந்து, சில வாரங்களில் இறந்தன. ஆலிவ் எண்ணெய், பிசின், வெண்ணெய் ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்தபோதும் விலங்குகள் பிழைக்கவில்லை. இவ்வுணவுகளில் நைட்ரஜன் இல்லை என்பதே பொதுவான குறை என மஜாந்தி கருதினார். விலங்குகள் தமக்குத் தேவையான நைட்ரஜனைக் காற்றிலிருந்து பெறுவதில்லை, உணவிலிருந்தே பெறுகின்றன என்ற எண்ணம் இதன் மூலம் வலுப்பெற்றது.

முட்டையின் வெண்கரு, இரத்தம், கோதுமைப் பசை போன்றவற்றில் காணப்படும் நைட்ரஜன் அடங்கிய பொருளுக்கு 1838இல் டச்சு வேதியியலாளர் கெரிட் யான் முல்டர் புரோட்டீன் என்ற பெயரைப் பயன்படுத்தினார். இப்பெயரை அவருக்குப் பரிந்துரைத்தவர் சுவீடன் வேதியியலாளர் பெர்சிலியசு. முதன்மையானது என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது ஆக்கப்பட்டது. பெயரிலேயே இருந்த இந்த முதன்மை, அடுத்து வந்த ஆய்வாளர்களின் சிந்தனையிலும் நீண்ட காலம் நீடித்தது.

செருமானிய வேதியியலாளர் யுஸ்டஸ் வான் லீபிக் 1842இல் வெளியிட்ட நூலில், தசை வேலை செய்யும்போது தசைப் புரதமே எரிந்து ஆற்றல் தருகிறது என வாதிட்டார். இதன்படி, கடினமாக உழைப்பவர் மிகுந்த இறைச்சி உண்ண வேண்டும். இக்கருத்தைச் சோதிக்க 1865இல் அடால்ஃப் ஃபிக், யோகான்னசு விசுலிசீனசு என்னும் இரு அறிவியலாளர்கள் சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலையில் ஏறினர். ஏறுவதற்கு முன்பும் ஏறும்போதும் புரதம் இல்லாத மாவுப் பண்டங்களையே உண்டனர். வழியெங்கும் சிறுநீரைச் சேகரித்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்தனர். உடலில் எரிந்த புரதம் முழுவதையும் கணக்கில் எடுத்தாலும், மலையேறத் தேவைப்பட்ட ஆற்றலில் பாதிகூட அதிலிருந்து கிடைத்திருக்க முடியாது எனத் தெரிந்தது. உழைப்புக்கான எரிபொருள் பெரும்பாலும் மாவுச்சத்தும் கொழுப்புமே என்பது இதனால் உறுதியாயிற்று. எனினும் உழைப்பாளிக்கு இறைச்சி என்ற நம்பிக்கை மறையவில்லை.

வாய்ட்டின் 118 கிராம்

மியூனிக் நகரில் பணியாற்றிய கார்ல் வான் வாய்ட், உடலுக்குள் செல்லும் நைட்ரஜனையும் வெளியேறும் நைட்ரஜனையும் ஒப்பிடும் நைட்ரஜன் சமநிலை முறையைச் செம்மைப்படுத்தினார். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் ஆகும். ஆகவே நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும். உணவுப் பொட்டலங்களில் இன்று அச்சிடப்படும் புரத அளவுகளுக்கும் இத்தகைய கணக்கே அடிப்படை.

மிதமாக உழைக்கும், 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என வாய்ட் பரிந்துரைத்தார். இந்த எண், செருமானிய உழைப்பாளர்கள் உண்மையில் எவ்வளவு உண்டனர் என்பதைப் பெரிதும் சார்ந்திருந்தது. அவர்கள் எவ்வளவு குறைவாக உண்டு நலமாக இருக்க முடியும் என்பதை அது காட்டவில்லை. வழக்கமும் தேவையும் இவ்வாறு ஒன்றாகக் கருதப்பட்டன. ஆயினும் படை, சிறை, மருத்துவமனை ஆகியவற்றின் உணவுப் பட்டியல்களுக்கு வாய்ட்டின் அளவு பல நாடுகளில் வழிகாட்டியாக விளங்கியது.

வாய்ட்டின் மாணவரான மாக்ஸ் ரூப்னர், புரதம் உண்டபின் உடல் வெளியிடும் வெப்பம் மற்ற உணவுகளை உண்ணும்போது இருப்பதைவிட அதிகம் எனக் கண்டறிந்தார். புரதத்தில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை அதைச் செரித்துப் பயன்படுத்துவதிலேயே செலவாகிறது. மாவுச்சத்துக்கு இது 5 முதல் 10 விழுக்காடாகவும், கொழுப்புக்கு அதைவிடக் குறைவாகவும் உள்ளது. புரதம் மிகுந்த உணவு உடல் எடையைக் கட்டுப்படுத்த உதவும் என்று இன்று கூறப்படுவதற்கு இது ஒரு காரணம். அது பசியை விரைவில் அடக்குவது மற்றொரு காரணம்.

சிட்டெண்டனின் எதிர்ப்பு

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரசல் சிட்டெண்டன், வாய்ட்டின் அளவு தேவைக்கு மேற்பட்டது என எண்ணினார். முதலில் தம் உடலிலேயே சோதித்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம் புரதத்துடன் பல மாதங்கள் வாழ்ந்தார். நெடுநாள் தொல்லை தந்த முழங்கால் வலி நீங்கியதாகவும் எழுதினார். பின்னர்ப் பேராசிரியர்கள், படைவீரர்கள், விளையாட்டு வீரர்களான மாணவர்கள் ஆகியோரிடம் பல மாதங்கள் ஆய்வு நடத்தி, 1904இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். வாய்ட் கூறியதில் பாதி அளவே உண்ட போதும் அவர்களுடைய வலிமை குறையவில்லை; சோதனைகளில் அது கூடியும் இருந்தது.

இவ்வாய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. படைவீரர்கள் ஆய்வுக் காலத்தில் ஒழுங்கான உடற்பயிற்சியும் செய்தனர். ஆகவே வலிமை கூடியதற்கு உணவு எவ்வளவு காரணம், பயிற்சி எவ்வளவு காரணம் எனப் பிரிக்க இயலாது. பங்கேற்றோர் அனைவரும் ஆண்கள், பெரும்பாலோர் இளைஞர், போதிய உணவுடன் வளர்ந்தவர்கள். சிட்டெண்டன் 1943இல் தம் 87ஆம் வயதில் இறந்தார். குறைந்த புரத உணவை ஆதரிப்போர் அவரது நீண்ட ஆயுளைச் சான்றாகக் காட்டுவது உண்டு. ஒருவரது வாழ்வு சான்றாகாது என்பதே அறிவியல் நிலை.

இந்தியாவில் புரதமும் பேரரசும்

சிட்டெண்டனுக்குக் கடும் மறுப்பு கல்கத்தாவிலிருந்து வந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டி. மெக்கே, வங்காளச் சிறைகளின் உணவையும் மக்களின் உணவையும் ஆராய்ந்து 1912இல் ஒரு நூல் வெளியிட்டார். சோறு உண்ணும் வங்காளிகள் உடல் மெலிந்து இருப்பதற்கும், கோதுமையும் பாலும் உண்ணும் வடமேற்கு மக்கள் வலிமையுடன் இருப்பதற்கும் புரதமே முதன்மைக் காரணம் என்றார். மலேரியா, குடற்புழு, வறுமை, போதாத மொத்த உணவு ஆகியவற்றின் பங்கு இவ்விளக்கத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. வீர இனம், வீரமற்ற இனம் என மக்களைப் பிரித்த அக்காலப் பேரரசுப் பார்வைக்கு இது பொருத்தமாகவும் அமைந்தது.

தமிழ்நாட்டிலும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி நடந்தது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் உணவுக் குறைபாட்டு நோய்கள் பற்றிய ஆய்வை நடத்தினார். 1920களில் அவர் எலிகளைப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என அமைந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலையும் காய்கறியையும் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் கடைசியில் நின்றன. மெக்கரிசன் இவ்வேறுபாட்டைப் புரதத்தின் அளவோடு மட்டும் முடிச்சிடவில்லை. உயிர்ச்சத்துகள், தாதுக்கள், புரதத்தின் தரம் ஆகியவற்றையும் சேர்த்தே பார்த்தார். அவரது குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இயங்குகிறது.

அளவிலிருந்து தரத்துக்கு

எல்லாப் புரதமும் ஒன்றல்ல என்பது 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் தெளிவாயிற்று. தாமசு ஆசுபார்ன், லாஃபாயெட் மெண்டல் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், மக்காச்சோளத்தின் சீன் என்னும் புரதத்தை மட்டும் உண்ட எலிகள் வளரவில்லை எனக் கண்டனர். அப்புரதத்தில் இல்லாத லைசின், டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலங்களைச் சேர்த்ததும் அவை வளர்ந்தன. 1930களில் வில்லியம் ரோசு திரியோனின் என்னும் அமினோ அமிலத்தைக் கண்டறிந்தார். பின்னர் மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், வளர்ந்த மனிதருக்கு உணவின் வழியே கட்டாயம் வேண்டிய 8 அமினோ அமிலங்களை வரையறுத்தார். பிற்காலத்தில் இவற்றுடன் இசுட்டிடின் என்பதும் சேர்க்கப்பட்டது.

அரிசியில் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது போதிய அளவு உண்டு. இட்லி, பொங்கல், பருப்புச் சாதம் ஆகியவற்றில் இவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ஆனால் சோறு கூடி, பருப்பு குறைந்து, சாம்பார் நீர்த்துப்போனால் இந்த நிறைவு கிடைப்பதில்லை.

இக்காலத்திலேயே வளர்சிதை மாற்றம் பற்றிய பார்வையும் மாறியது. நாசி செருமனியிலிருந்து வெளியேறி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் சோன்கைமர், நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பை அடையாளமாகக் கொண்ட அமினோ அமிலங்களை எலிகளுக்குக் கொடுத்தார். உண்ட நைட்ரஜன் நேரே சிறுநீரில் வெளியேறும் என எதிர்பார்த்த இடத்தில், அதில் பெரும்பகுதி உடலின் திசுக்களில் சேர்ந்திருந்தது. உடலின் புரதம் கட்டி முடித்த வீடு போன்றதல்ல. ஒரு பக்கம் இடிந்துகொண்டும் மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இருப்பது. வளர்ந்த மனித உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் வரை புரதம் இவ்வாறு சிதைந்து மீண்டும் உருவாகிறது. இது நாம் உண்ணும் புரதத்தைவிடப் பல மடங்கு.

கொழுப்பைச் சேமிப்பதுபோல் புரதத்தைச் சேமிக்க உடலில் தனி இடம் இல்லை. உணவில் குறை ஏற்பட்டாலோ நோய் வந்தாலோ, உடல் தசையைச் சிதைத்து அமினோ அமிலங்களைப் பெறுகிறது. முதுமையில் தசை இழப்பு ஏன் இவ்வளவு கவலைக்குரியது என்பதை விளக்கும் அடிப்படை உண்மை இதுவே.

புரதப் பஞ்சம் என்னும் அச்சம்

இன்று கானா எனப்படும் கோல்டு கோசுட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்சு, 1930களில் குழந்தைகளின் ஒரு நோயை விவரித்து, அப்பகுதி மக்கள் வழங்கிய குவாசியோர்கர் என்ற பெயரையே அதற்கு இட்டார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் மறுக்கப்படும் முன் குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். உடல் வீங்கி, தோல் உரிந்து, குழந்தைகள் இறந்தனர். புரதக் குறைவே காரணம் என்ற கருத்து பரவியது.

1955இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் புரத ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. மீன்மாவு, ஒற்றை உயிரணுப் புரதம், லைசின் கலந்த தானியம் எனப் பல திட்டங்களுக்குப் பெரும்பொருள் செலவிடப்பட்டது. உலகின் ஏழை நாடுகள் புரத இடைவெளியில் சிக்கியுள்ளன என்பது அக்காலத்தில் பொதுவான கூற்றாக இருந்தது.

இந்தக் கூற்றை இந்தியாவிலிருந்து இருவர் வலுவாகக் கேள்விக்குள்ளாக்கினர். சேலத்தில் பிறந்து, சென்னையில் பயின்று, குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடங்கிய சி. கோபாலன், ஐதராபாத்தில் நடத்திய ஆய்வுகளில், குவாசியோர்கர் வந்த குழந்தைகளின் உணவுக்கும், உடல் வற்றிப்போகும் மராசுமசு நோய் வந்த குழந்தைகளின் உணவுக்கும் புரத விகிதத்தில் வேறுபாடு இல்லை எனக் கண்டார். புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே, இந்தியாவில் புரதக் குறைவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மொத்த உணவே போதவில்லை எனக் காட்டினார். வயிறு நிறையாதபோது உடல் உண்ட புரதத்தையும் எரிபொருளாகவே எரித்துவிடும். ஆகவே அவர்களுக்கு முதலில் வேண்டியது போதிய சோறே; தனிப் புரதமாவு அன்று.

1970களின் தொடக்கத்தில் உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு புரதத் தேவையின் அளவைக் குறைத்தது. புரத இடைவெளி என்ற கருத்தின் பெரும்பகுதி அத்துடன் கரைந்தது. 1974இல் டொனால்டு மெக்லாரன் இலான்செட் இதழில் இம்முயற்சி முழுவதையும் மாபெரும் புரதத் தோல்வி எனக் கண்டித்து எழுதினார். தவறான நோய்க்கணிப்பின் விலையைக் கொடுத்தவர்கள் பசித்த குழந்தைகள்.

முதுமையின் பக்கம் திரும்பிய ஆய்வு

இத்தனை ஆண்டு விவாதத்திலும் முதியோர் ஏறத்தாழ இடம்பெறவே இல்லை. வளர்ந்தோருக்கான அளவாக உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் என்பது நிலைபெற்றது. 2007இன் உலக நலவாழ்வு அமைப்பு அறிக்கை இதை 0.83 கிராம் என்றது. இதற்கு அடிப்படையான நைட்ரஜன் சமநிலை ஆய்வுகள் பெரும்பாலும் இளம் வயதினரிடம் நடத்தப்பட்டவை. மேலும், சமநிலை என்பதே ஏமாற்றக்கூடியது. புரதம் குறையும்போது உடல் சிறிது சிறிதாகத் தசையை இழந்து, குறைந்த மட்டத்தில் மீண்டும் சமநிலையை அடைய முடியும். வரவும் செலவும் சமமாக இருப்பதாலேயே ஒரு குடும்பம் செழிப்பாக இருக்கிறது என்று கூற முடியாது அல்லவா?

1980களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பர்கு, வயதுடன் வரும் தசை இழப்புக்கு சார்கோபீனியா எனப் பெயரிட்டார். தசை, குறைவு என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொற்களிலிருந்து இது ஆக்கப்பட்டது. ஒரு நிலைக்குப் பெயர் இல்லாதவரை அதை யாரும் ஆராயப்போவதில்லை என்பது அவரது எண்ணம். அதுவரை வயதானால் அப்படித்தான் என்று விடப்பட்ட நிலை, அதன்பின் ஆய்வுக்கும் மருத்துவத்துக்கும் உரிய பொருளாயிற்று.

அடுத்தடுத்த ஆய்வுகள் மூன்று செய்திகளைத் தெளிவாக்கின. முதலாவது, ஒரே அளவு புரதத்துக்கு முதியவரின் தசை இளைஞரின் தசையைவிடக் குறைவாகவே வினைபுரிகிறது. ஆகவே தசை உருவாக்கத்தைத் தூண்ட ஒரு வேளை உணவில் அவருக்குக் கூடுதல் புரதம், குறிப்பாக லூசின் என்னும் அமினோ அமிலம், தேவைப்படுகிறது. இரண்டாவது, 70 முதல் 79 வயது வரையிலான அமெரிக்கர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், மிகுதியாகப் புரதம் உண்டோர், மிகக் குறைவாக உண்டோரைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாகத் தசைத் திரளை இழந்தனர். மூன்றாவது, உணவு மட்டும் போதாது. 1994இல் மரியா ஃபியாடரோன் குழுவினர் சராசரி வயது 87 உடைய 100 முதியோரிடம் நடத்திய ஆய்வில், பத்து வாரப் பளுப் பயிற்சி பெற்றோரின் தசை வலிமை இரு மடங்குக்கும் மேலாகக் கூடியது; பயிற்சியின்றி ஊட்டச்சத்துப் பானம் மட்டும் பெற்றோருக்கு அப்பயன் கிடைக்கவில்லை.

இவற்றின் அடிப்படையில் 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, 65 வயதைக் கடந்த நலமான முதியோருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைத்தது. கடும் சிறுநீரக நோய் உடையோருக்கு இது பொருந்தாது. அவர்கள் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்ற வேண்டும்.

குறைந்த புரதமும் நீண்ட ஆயுளும்

மறுபக்கத்திலும் வலுவான சான்றுகள் உள்ளன. 1935இல் கிளைவ் மெக்கே, உணவைக் குறைத்து வளர்த்த எலிகள் நீண்டநாள் வாழ்வதைக் காட்டினார். 1993இல் மெத்தியோனின் என்னும் ஒரே அமினோ அமிலத்தைக் குறைத்தபோதும் எலிகளின் ஆயுள் கூடியது. 2014இல் சிட்னி ஆய்வாளர்கள் 25 வகை உணவுகளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, புரதம் குறைந்து மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டவையே நெடுநாள் வாழ்ந்தன எனக் கண்டனர்.

இதற்கான விளக்கம் உயிரணுக்களுக்குள் உள்ளது. அமினோ அமிலங்கள் மிகுந்தால் எம்டார் என்னும் புரதத் தொகுதி தூண்டப்பட்டு, வளர் என்ற கட்டளையைத் தருகிறது. குறைந்தால் உயிரணு வளர்ச்சியை நிறுத்தி, பழுதான பகுதிகளைச் சிதைத்துச் சீர்செய்யும் வேலையில் இறங்குகிறது. தசையை வளர்க்கும் அதே கட்டளைதான் இச்சீரமைப்பைத் தள்ளிப்போடுகிறது. முதுமையில் புரதம் நல்லதா கெட்டதா என்ற குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது.

2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இரு பக்கங்களையும் ஒரே இடத்தில் காட்டியது. 50 முதல் 65 வயது வரையில் மிகுந்த புரதம் உண்டோரிடம் புற்றுநோய் இறப்பு கூடுதலாக இருந்தது. புரதம் தாவரங்களிலிருந்து வந்தபோது இத்தொடர்பு வலுவிழந்தது. 65 வயதுக்கு மேல் நிலை தலைகீழாகி, மிகுந்த புரதம் உண்டோரிடம் இறப்பு குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே. காரணத்தை நிறுவும் ஆய்வு அன்று. கூண்டில் வாழும் சுண்டெலி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில்லை, மருத்துவமனையில் இரு வாரம் படுத்துத் தசையை இழப்பதுமில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராமும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராமும் ஆகும். 60 கிலோ எடையுள்ள முதியவர் ஒருவருக்கு முன்கூறிய பன்னாட்டுக் குழுவின் அளவைப் பொருத்தினால் 60 முதல் 72 கிராம் வரை வேண்டும்.

நடைமுறையில் நம் வீடுகளில் நடப்பது வேறு. பல் போனபின் இறைச்சியும் சுண்டலும் விலகுகின்றன. செரிக்காது என்ற எண்ணத்தில் இரவு உணவு கஞ்சியாகவோ ரசம் சாதமாகவோ சுருங்குகிறது. சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 2.5 கிராம் புரதமே உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 6 முதல் 7 கிராம், 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் உள்ளன. குழைய வேகவைத்த பருப்பு, தயிர், மீன், முட்டை, ஊறவைத்து அரைத்த பயறு ஆகியவை மெல்ல இயலாதவருக்கும் ஏற்றவை. இதற்கு விலையுயர்ந்த புரதமாவு தேவையில்லை. நாள்தோறும் நடப்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பலமுறை எழுந்து அமர்வதும் சேர்ந்தால், உண்ட புரதம் தசையாவதற்கு வழி ஏற்படும்.

வாய்ட்டின் 118 கிராம் செருமானியத் தொழிலாளியைப் பார்த்து எழுதப்பட்டது, சிட்டெண்டனின் 40 கிராம் நன்கு உண்டு வளர்ந்த அமெரிக்கரைப் பார்த்து எழுதப்பட்டது, 0.8 கிராம் இளைஞரைப் பார்த்து எழுதப்பட்டது. எண்பது வயதுப் பாட்டியைப் பார்த்து எழுதப்பட்ட அளவு இவற்றுள் எதுவும் இல்லை. அந்த அளவைத் தேடும் பணி தொடங்கி நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை.